குளிர்ந்த கேத்தலுக்குப் போன நாட்கள்

ஏப்ரல் 22

இன்னும் 69 நாள்.

இந்தக் கொப்பியைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று இல்லை, பாதுகாப்பு. லோங் எல்போ என்கிற இந்த ஊரில் இரண்டாயிரத்து எண்ணூறு பேர் இருக்கிறார்கள். அதில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றது அம்மா. அவருக்கு நேரமில்லை.

ஊரின் பெயருக்கு நீள முழங்கை என்று அர்த்தம். ஆறு இந்த இடத்தில் மடங்குகிறதாம். ஸ்காபரோவிலிருந்து வடக்கே ஏழு மணித்தியாலம். என்னைப் பன்னிரண்டு வயதில் கொண்டுவந்து இறக்கினார்கள், இப்போது பதினேழு. கொள்ளையடித்தவனுக்குக்கூட நன்னடத்தைக்கு ஒரு வருடம் கழிப்பார்கள்.

செய்த குற்றம் இதுதான்: அம்மா வைத்தியம் படித்தது வெளிநாட்டில். அதாவது யாழ்ப்பாணத்தில். படித்துவிட்டு சொந்த ஊரான திருகோணமலை ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இங்கே வந்து எட்டு வருடம் மருந்துக்கடையில் குளிசைப் போத்தலுக்கு லேபல் ஒட்டினார். கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. இடத்தோடு இலவச இணைப்பாக ஒரு ஒப்பந்தம். பயிற்சி முடிந்ததும், டொக்டர் இல்லாத ஊரில் ஐந்து வருடம் கட்டாய சேவை. இங்கே படித்தவர்களுக்கு இது கிடையாது, வெளியே படித்தவர்களுக்கு மட்டும். ஒப்பம் போட்டால் பந்தம். அதனால்தான் அந்தச் சொல்லே அப்படி.

ஜூன் 30 அன்று ஐந்து வருடம் முடிகிறது. செப்டெம்பரில் நான் ஸ்காபரோவில் பன்னிரண்டாம் வகுப்பு. அப்பாவோடு ஒரே வீட்டில். இது அம்மா எனக்குத் தந்த வாக்கு. இதற்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை, அதுதான் கவலை.

ஏப்ரல் 25

அப்பா வந்தார். அவர் நகரத்து பஸ்களைத் திருத்தும் இடத்தில் வேலை செய்கிறார், அதனால் எங்களோடு வர முடியவில்லை. ஒன்றுவிட்ட ஒரு சனிக்கிழமை ஏழு மணித்தியாலம் ஓடி வந்து, ஞாயிறு ஏழு மணித்தியாலம் ஓடிப் போவார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் நாலு தடவை பூமியைச் சுற்றிவிட்டார். ஒரு தடவைகூட கனடாவை விட்டு வெளியே போகவில்லை.

முருங்கைக்காய், கறிவேப்பிலை, இடியப்ப மா, ஒரு பெட்டி விளாட் மாம்பழம் எல்லாவற்றையும் இறக்கினோம். வைக்க இடமில்லை. குளிர்ப்பெட்டி முழுக்க மூஸ் இறைச்சி. மூஸ் என்றால் மாடு அளவு மான். இங்கே டொக்டருக்கு அதைக் கொண்டுவந்து கொடுப்பது மரியாதை. கடமையும் கடமானும் மட்டும்தான் இந்த ஊரில் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கும்.

கொடுப்பது 'வைத்தியரைத் தக்கவைக்கும் குழு'. தலைவி, இரும்புக்கடை வைத்திருக்கும் டொறீன். எங்கள் வாசலில் பனி விழுந்தால் விடிவதற்குள் வழித்துவிடுவார்கள். அவ்வளவு நல்லவர்கள். நான் அதைத் தவிக்கவைக்கும் குழு என்று சொல்வேன்.

இன்றைக்கும் டொறீன் ஒரு பொதியோடு வந்தார்.

"டொக்டர், ஜூன் மாதத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை" என்றார்.

"நன்றி டொறீன்" என்றார் அம்மா.

"கேட்கவே மாட்டேன்."

"தெரியும்."

பொதியை வைத்துவிட்டுப் போய்விட்டார். இந்த ஊரில் ஒருவரை ஒருவர் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்பது அவமரியாதையாம். ஸ்காபரோவில் மின்தூக்கிக்குள் பார்க்கும் ஆன்ரி நாலாம் மாடி வருவதற்குள் உன் புள்ளி, உன் எடை, உன் அப்பாவின் சம்பளம் மூன்றையும் கேட்டுவிடுவார்.

ஏப்ரல் 29

கேத்தல் கூப்பிட்டது. அம்மா போய்விட்டார். முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

கேத்தல் என்பது பக்கத்து ஊர். ஐம்பது கிலோமீற்றர். உண்மையான பெயர் கோல்ட் கெட்டில், குளிர்ந்த கேத்தல். பெயர் வைத்தவருக்குத் தேத்தண்ணி கிடைக்காத கோபமாக இருக்கும். அங்கே சின்ன அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, நேர்ஸ்மார் இருக்கிறார்கள், டொக்டர் மட்டும் பல நாளில் இல்லை. இல்லாத நாளில் கதவைப் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கு முன் அம்மாவுக்கு ஒரு அழைப்பு எடுப்பார்கள். அம்மா தன் லீவு நாள் என்றும் பார்க்காமல் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போய்விடுவார்.

மே 2

இன்னும் 59 நாள். இது இப்போது எனக்கு மட்டுமல்ல, ஊருக்கே தெரியும்.

ஐஸ் விளையாட்டு மண்டபத்துக்கு முன்னால் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. எழுத்துகளைக் கழற்றிக் கழற்றி மாட்டலாம். 'சனிக்கிழமை பான்கேக் காலையுணவு' என்று மூன்று வாரமாகத் தொங்கியது. காலை ஆறு மணிக்கு ஏணியைப் போட்டேன். 'டொக்டர் விடுதலை: இன்னும் 59 நாள்' என்று மாட்டினேன். வேலை வடிவாக வந்தது.

மே 3

58 என்று மாற்றினேன். கலைஞர்களுக்கு ஓய்வில்லை.

மே 6

பிடிபட்டேன். இரண்டாயிரத்து எண்ணூறு பேரில் இந்தக் கழித்தல் கணக்கைச் செய்யக்கூடிய பைத்தியம் ஒன்றுதான் என்பது டொறீனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பலகையைப் பார்த்த சனம், டொக்டர் போவதற்குள் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வருத்தக்காரர் ஆகிவிட்டார்கள். இருபது வருடமாக முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், எண்பத்தொன்பதாம் ஆண்டிலிருந்து காது கேட்காதவர், எல்லாரும் வரிசையில். அம்மா மூன்று நாளாக எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறார். வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிடுகிறார்.

"உன்ர பகிடி நல்லா வேலை செய்யுது" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தண்டனை: எட்டு சனிக்கிழமை ஆஸ்பத்திரி நிர்வாகி கார்த்துக்குப் பழைய தாள்களை அடுக்கிக் கொடுக்க வேண்டும். முதன்முதல் பெயரைக் கேட்டபோது எங்கட ஆள் என்று சந்தோஷப்பட்டேன். கார்த். மிச்சக் கார்த்திகேயனை யார் சாப்பிட்டது? பார்த்தால் சிவந்த மூக்கும் மீன்பிடித் தொப்பியுமாக ஒரு நெட்டை மனிதர்.

மே 9

முதல் சனிக்கிழமை. கையுறை வாங்கிய பற்றுச்சீட்டுகள், 2011 முதல் 2014 வரை. கார்த் மொத்தம் நாலு சொல் பேசினார். அதில் இரண்டு "மீன்".

வரும் வழியில் நடைபாதைச் சுவரைப் பார்த்தேன். 'எங்கள் வைத்தியர்கள்' என்று படங்கள். எகிப்து, பாகிஸ்தான், ருமேனியா, நைஜீரியா, பிறகு அம்மா. ஒவ்வொருவருக்கும் கீழே ஐந்து ஐந்து வருடம். இங்கே படித்த முகம் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை. உலகக் கிண்ண அணி மாதிரி இருக்கிறது, கிண்ணம்தான் இல்லை.

மே 14

கடிதம் வந்தது. ஒப்பந்தத்தைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து. அம்மா மேசையில் வைத்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனார். நான் எடுத்து வாசித்தேன். மூன்று தடவை.

'உங்கள் சேவை நாட்களில் நூற்றுப் பதின்மூன்று நாள், நீங்கள் நியமிக்கப்பட்ட லோங் எல்போவில் அல்லாமல் கோல்ட் கெட்டிலில் கழிந்துள்ளன. உரிய படிவம் கிடைக்காததால் அவை கணக்கில் சேரா. உங்கள் சேவை ஒக்ரோபர் 21 அன்று நிறைவடையும்.'

ஐந்து வருடம் கூப்பிட்ட நேரமெல்லாம் ஓடிப்போய் ஒரு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து வைத்தவருக்கு, 'நீ அங்கே நின்றதால் இங்கே நிற்கவில்லை' என்று தண்டனை. புத்தர் பிச்சை எடுக்கப் போன நாளுக்கு வரவு வைக்கவில்லை என்கிற மாதிரி.

அப்பாவை போனில் பிடித்தேன். கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். பிறகு, "கொம்மாட்டக் குடு" என்றார்.

"இஞ்சருங்கோ, கத்தாதேங்கோ" என்று அம்மா சொல்வது மட்டும் கேட்டது. பிறகு, "ஓம். ஓம். அவளின்ர பள்ளிக்கூடம் எனக்கும் தெரியும்."

மே 15

திரும்பவும் பலகைக்குப் போக நினைத்தேன், போகவில்லை. என்ன எண் போடுவது?

மே 23

இன்றைக்கு 2019ஆம் ஆண்டுப் பற்றுச்சீட்டு. ஸ்டேப்ளர் ஊசி முடிந்துவிட்டது. கார்த் வெளியே போயிருந்தார். அவருடைய மேசை லாச்சியைத் திறந்தேன். சத்தியமாக ஊசிக்குத்தான்.

ஊசி இருந்தது. அதற்குக் கீழே ஒரு தடித்த மஞ்சள் உறை. மேலே 'டொ. சுபோதினி / கெட்டில்' என்று அம்மாவின் பெயர். உள்ளே படிவங்கள். எண்ணினேன். நூற்றுப் பதின்மூன்று. ஒவ்வொன்றிலும் திகதி, போன நேரம், வந்த நேரம், பார்த்த நோயாளிகள் எத்தனை பேர் என்று பொன்னெழுத்து மாதிரி நிரப்பியிருந்தது. நிர்வாகியின் கையெழுத்து மட்டும் இல்லை. உறையில் ஒரு சின்ன மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது: 'டொக்டர் கேட்டால் மட்டும் அனுப்பவும்.'

போனில் படம் எடுத்தேன். ஊசியை எடுக்க மறந்துவிட்டேன்.

கள்ளன் என்று திட்டலாம் என்று பார்த்தால் கள்ளனும் இல்லை. கள்ளன் எரித்திருப்பான். இவர் ஐந்து வருடம் ஒன்று விடாமல் நிரப்பி, அடுக்கி, பூட்டாத லாச்சியில் வைத்துக்கொண்டு, கேட்பதற்காகக் காத்திருக்கிறார். கேளாத ஒவ்வொரு நாளும் டொக்டர் ஒரு நாள் கூட இருப்பார். வாசலில் பனி வழித்தவர்களில் இவரும் ஒருவர்.

மே 24

அப்பா திரும்பிப் போகும்வரை பொறுத்திருந்தேன். அம்மா குசினியில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, ஒரு விசயம். கத்தக்கூடாது."

"என்னத்தை உடைச்சனி?"

"உடைக்கேல்லை. கண்டுபிடிச்சனான்."

போனை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கார்த்தின்ர கையெழுத்து நல்ல வடிவு" என்றார்.

"அம்மா!"

"கணக்கில வராதெண்டு எனக்கு ரெண்டாம் வருசமே தெரியும் பிள்ளை. கேத்தல் நேர்ஸ் சொன்னவ, படிவம் ஒண்டு இருக்கு, கேளுங்கோ எண்டு."

"பின்ன ஏன் கேக்கேல்லை?"

அம்மா திரும்பவும் கத்தியை எடுத்தார்.

"இஞ்ச நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறது ஒப்பந்தத்தில வைச்ச அந்தக் கையெழுத்துக்கு. எனக்கு விருப்பமோ இல்லையோ, போகத்தான் வேணும். போகாட்டில் பிழை, போனால் அதில என்ன பெருமை? கேத்தலுக்குப் போகச்சொல்லி ஒருத்தரும் என்னைக் கட்டேல்லை. கூப்பிட்டவை, போனனான். திருகோணமலையிலயும் அப்பிடித்தான். வாகனம் வந்து நிண்டால் ஏறுறது, ஆர் அனுப்பினது, என்ன படிவம் எண்டெல்லாம் கேக்கிறேல்லை. அந்த நூத்திப்பதின்மூண்டு நாளும்தான், மாது, நான் டொக்டராப் போனது. அதையும் கொண்டுபோய் அவங்கட கணக்கில போடச் சொல்லுறியோ?"

மிக அழகான பேச்சு. மண்டபத்தில் பேசியிருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்கள். ஒரே ஒரு குறை.

"சரி அம்மா. அது உங்கட நாள். ஒக்ரோபர் வரைக்கும் நானும் இஞ்ச இருக்கோணும் எண்டு ஆர் கையெழுத்து வைச்சது? நானோ? அப்பாவோ?"

கத்தி நின்றது. பாதி வெண்டிக்காயோடு நின்றது.

"அடுப்பைப் பார்" என்றார் அம்மா. அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

மே 26

காலை ஆறு மணி. ஏணி. எண்கள் போட்டு வைத்திருக்கும் பெட்டியில் '1' சரியாக இரண்டுதான் இருந்தது, போதும்.

'டொக்டரின் 113 நாள் எங்கே? கார்த்தைக் கேளுங்கள்.'

கேளுங்கள் என்று போட்டதுதான் குண்டு. ஒருவரை ஒருவர் கேட்காத ஊரில், பத்து மணிக்குள் நாற்பது பேர் கார்த்தின் அறை வாசலில் நின்றார்களாம். டொறீன் முன்னால். நான் பள்ளிக்கூடத்தில் ரசாயனப் பாடத்தில் இருந்தேன். என் வாழ்வின் மிகச் சிறந்த காட்சியை ரசாயனம் தின்றுவிட்டது.

பின்னேரம் கார்த் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மற்றக் கையில் மஞ்சள் உறை.

"எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்துவிட்டேன், டொக்டர்" என்றார். "நீங்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே..."

"உண்மைதான். நான் கேட்கவில்லை" என்றார் அம்மா.

"நாலு பேர் போய்விட்டார்கள். ஐந்தாவது வருடம் முடிந்த மறுநாள் காலையே. நான்தான் ஒவ்வொருவருக்கும் சாமான் ஏற்ற உதவி செய்தேன்."

அம்மா உறையை வாங்கிக்கொண்டு, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தார். மூன்று சீனி. அவர் போன பிறகு அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, பலகையில் எழுத்துப்பிழை ஏதும் விட்டாயா என்று மட்டும் கேட்டார்.

"இல்லை."

"நல்லது. நாளைக்குக் கழட்டு. இந்த உறையை அனுப்புவம்."

நான் வெற்றி பெற்றேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது தோற்றது மாதிரியும் இருந்தது. அதை ஆராய எனக்கு நேரமில்லை, நாளைக்குச் சோதனை.

ஜூன் 3

அம்மா ஒரு கிழமையாக, சாப்பிட்ட பிறகு, படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். சிலதைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒன்றைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். நான் என்னவென்று கேட்கவில்லை. ஊர்ப் பழக்கம் தொற்றிவிட்டது போல.

கடைசியில் ஒன்றை எடுத்து வெளியே வைத்தார்.

"இது போகக்கூடாது."

வாங்கிப் பார்த்தேன். போன வருடம் மார்ச் 11. பார்த்த நோயாளிகள்: பூச்சியம்.

"அண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை. நான் பகல் முழுக்க நேர்ஸோட இருந்து கார்ட்ஸ் விளையாடினனான். அதை வேலை எண்டு எழுதேலாது."

"அம்மா, நீங்கள் அங்க போனது உண்மைதானே!"

"போனது உண்மை. வேலை செய்தது பொய்."

ஆக 112 அனுப்புகிறோம்.

ஜூன் 6

அப்பாவுக்குச் சொன்னோம். நாலு தடவை பூமியைச் சுற்றியவர் ஐந்தாவது சுற்றுக்கு இந்த மேசையைச் சுற்றினார்.

"சுபோ, உமக்கென்ன விசரோ? ஒரு நாள்! ஒரே ஒரு நாள்! ஆர் வந்து எண்ணப் போறான்?"

"நான் எண்ணுவன்."

"அவங்கள் உம்மட நூத்திப்பதின்மூண்டை அமத்திப்போட்டு இருந்தாங்கள். நீர் ஒண்டை விடமாட்டீராம்!"

"அதுக்குத்தான் விடேல்லை" என்றார் அம்மா. "அவங்கள் செய்தது பிழை எண்டு சொல்ல எனக்கு வாய் வேணும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மாம்பழத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் சரி என்றால் பிள்ளை என்ன செய்வது?

ஜூன் 19

பதில் வந்தது. 112 நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஒரு நாள் மிச்சம். ஜூன் 30க்கு அடுத்த நாள் ஜூலை 1. ஆனால் அது நாட்டின் விடுமுறை நாள், சேவை வேலை நாளில்தான் நிறைவடைய வேண்டுமாம். ஆகவே ஜூலை 2, மாலை ஐந்து மணிக்கு விடுதலை.

ஜூலை 3 மத்தியானம் புது டொக்டர் குடும்பத்தோடு இதே வீட்டுக்கு வருகிறார். பிலிப்பைன்ஸ். ஐந்து வருடம். அப்பா சாமான் ஏற்ற ஒரு வானுக்குச் சொல்லிவிட்டார்.

ஜூலை 1

வாணவேடிக்கை. பீப்பாய் பீப்பாயாகச் சோடா. அப்பா வந்துவிட்டார், சாமான் பாதி கட்டியாயிற்று. டொறீன் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கண்ணடித்தார்.

"நாளைக்கு உன் அம்மாவுக்குக் குழு ஒரு பரிசு தருகிறது. நாங்கள் செய்த பிழைக்கு. சொல்லிவிடாதே."

மூஸ் இல்லை என்றால் சரி.

ஜூலை 2

பரிசு என்னவென்று காலை பத்து மணிக்குத் தெரிந்தது. கிளினிக்கில் ஒருவரும் இல்லை.

சாப்பாடு கொண்டுபோன நான் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கால் இல்லை, காது இல்லை, இருமல் இல்லை. வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள்: குழு ஊர் முழுக்க அறிவித்துவிட்டதாம், இன்றைக்கு ஒருவரும் வருத்தம் என்று வரக் கூடாது, டொக்டர் கடைசி நாள் காலை நீட்டி இருக்கட்டும். அவசரம் என்றால் கேத்தலுக்குப் போகவாம். அங்கே இன்றைக்கு வேறு டொக்டர் இருக்கிறாராம்.

அம்மா உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் வெறும் பதிவுத்தாள்.

"அம்மா, ஐஞ்சு மணிக்குக் கையெழுத்து வைச்சிட்டுப் போகலாம்தானே?"

"என்னத்துக்குக் கையெழுத்து? பூச்சியத்துக்கோ?"

பதிவுத்தாளை என் பக்கம் திருப்பினார்.

"மார்ச் பதினொண்டைக் கழிச்சனான். இண்டைக்கும் பூச்சியம் எண்டால் அதையும்தான் கழிக்கோணும். நாளைக்கு வருவன்."

"நாளைக்கும் ஒருத்தரும் வராட்டில்?"

"நாளையிண்டைக்கு வருவன்."

ஊர் இப்படியே நல்லவர்களாக இருந்தால் நாங்கள் ஒருபோதும் போக முடியாது. புது டொக்டரின் பிள்ளைகள் வந்து என் கட்டிலில் படுக்க, நான் வாசலில் வானுக்குள் இருந்து பன்னிரண்டாம் வகுப்புப் படிக்க வேண்டியதுதான்.

"எனக்கு வயித்துக்குத்து" என்றேன்.

"சொந்தப் பிள்ளையைப் பாக்கிறது விதிக்குப் பிழை. உன்ர கொப்பாவையும் கூட்டிக்கொண்டு வராதை."

வெளியே ஓடினேன். எனக்கு ஒரே ஒரு நோயாளி வேண்டும், அவ்வளவுதான்.

இரும்புக்கடையில் டொறீனுக்குத் தும்மல் வந்தது. என்னைக் கண்டதும் மூக்கைப் பொத்தி விழுங்கிவிட்டார். "ஒன்றுமில்லை, மிளகு" என்றார். இரும்புக்கடையில் மிளகு! தபாலகத்தில் முழங்கால்காரர் என்னைக் கண்டதும் நொண்டுவதை நிறுத்தி, ராணுவம் மாதிரி நடந்து காட்டினார். "எவ்வளவு சுகமாக இருக்கிறேன் பார்!" விளையாட்டு மைதானத்தில் ஒரு சின்னவன் விழுந்து முழங்கால் சிராய்த்தான். தாய் என்னைப் பார்த்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். இந்த ஊரில் சுகாதாரம் இவ்வளவு உயர்ந்த நாள் வரலாற்றில் இல்லை.

நாலே கால். திரும்பி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். விடுதலைக் கடிதம் தயாரா என்று பார்க்க கார்த்தின் அறைக்குப் போனேன். அவர் ஒற்றைக் கையால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். மற்றக் கை மேசைக்குக் கீழே.

"மற்றக் கைக்கு என்ன?"

"ஒன்றுமில்லை."

இந்த ஊர்ப் பிள்ளை என்றால் அதோடு போயிருக்கும். நான் ஸ்காபரோ.

"காட்டுங்கள்."

"பார், இன்றைக்கு யாரும் டொக்டரை..."

"கார்த். கையைக் காட்டுங்கள்."

காட்டினார். பாத்திரம் துடைக்கும் துணியைச் சுற்றியிருந்தார். துணியை விரித்தால், பெருவிரலில் ஒரு தூண்டில் கொக்கி, முள்ளு முழுக்க உள்ளே போய், விரல் கத்தரிக்காய் நிறத்தில். மீனை ஏமாற்றக் கட்டிய இறகு, பாசிமணி எல்லாம் வெளியே ஆடிக்கொண்டிருந்தன. நேற்று விடுமுறைக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் கொக்கியோடு இருக்கிறார். அந்தக் கையால்தான் வாணவேடிக்கையில் கை தட்டினாரா என்று கேட்க நினைத்தேன்.

என் பதினேழு வருடத்தில் இவ்வளவு அழகான காயத்தைப் பார்த்ததில்லை.

"அம்மாஆஆ!"

நடைபாதையில் அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். நெட்டை மனிதர், இறகு ஆட ஆட, பெரிய மீனொன்று கரைக்கு வருகிற மாதிரி வந்தார்.

அம்மா விரலைப் பார்த்தார். பிறகு மனிதரைப் பார்த்தார். ஐந்து வருடமாகப் பேசாததெல்லாம் அந்த அறையில் நின்றது.

"நேற்றே வந்திருக்க வேண்டும்" என்றார் அம்மா.

"உங்களுடைய கடைசி நாளைக் கெடுக்க விரும்பவில்லை."

அம்மா கையுறையைப் போட்டார். சாமான்களை எடுத்து வைத்தார்.

"வலிக்குமா?" என்றார் கார்த்.

"ஓம்" என்றார் அம்மா. தமிழிலேயே.

மரக்க ஊசி போட்டார்தான். ஆனால் அந்த ஊசி போட எடுத்த நேரம் கொஞ்சம் கூடவோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கொக்கி வந்தது. கட்டுப் போட்டார். கொக்கியின் துருவுக்கு ஏற்பு ஊசி போட்டார். பிறகு பதிவுத்தாளை எடுத்து, பார்த்த நோயாளிகள் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினார். நேரம் நாலு ஐம்பத்திரண்டு.

கார்த் கதவடியில் நின்றார். கண் கலங்கியிருந்தது, மரப்பு முடிந்ததாலா என்று தெரியவில்லை. பிறகு இந்த ஊரில் ஒருவரும் செய்யாததைச் செய்தார். கேட்டார்.

"டொக்டர், திரும்பி வருவீர்களா? கட்டாயம் இல்லை. சும்மா கேட்கிறேன்."

அம்மா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான் அப்பாவுக்குச் சொல்ல ஓடிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 3

வானுக்குள் இருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். ஊரே வந்து சாமான் ஏற்றியது. டொறீன் மூக்குச் சிந்தினார், இந்த முறை விழுங்கவில்லை. இரண்டு மணித்தியாலம் அப்பா விசில் அடித்தார். அம்மா கண்ணை மூடியிருந்தார்.

"மாசத்தில ஒரு கிழமை வாறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

விசில் நின்றது. வான் கொஞ்சம் கோட்டுக்கு வெளியே போய்வந்தது.

"ஆருக்கு?"

"கார்த்துக்கு. கேத்தலுக்கும் சேத்துத்தான். மற்ற மூண்டு கிழமையும் வீட்டில."

"சுபோ! கையெழுத்துப் போட்டிட்டீரோ?"

"இல்லை. தாள் ஒண்டு நீட்டினவர். வேண்டாம் எண்டன்."

அப்பா இதை யோசித்தார். ஒரு லொறியை முந்தும்வரை யோசித்தார்.

"அப்ப நீர் ஒரு மாசம் போகாட்டில் என்ன செய்வாங்கள்?"

அம்மா கண்ணைத் திறந்தார். ஐந்து வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஒண்டும் செய்யேலாது" என்றார். "ஒண்டுமே செய்யேலாது."